நெடுநேரம் அதிவேகம்: 1967–69 கமேரோவில் அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழிமுறை

1967 முதல் 1969 வரை வந்த செவர்லே கமேரோ கால் மைல் ஓட்டத்துக்குப் பேர்போன வண்டி. பதினைந்து வினாடி முழு மிதி, அப்புறம் ஓய்வு. நெவாடா மாநிலத்தின் 318-ஆம் சாலையில் 1988-லிருந்து நடக்கும் சில்வர் ஸ்டேட் கிளாசிக் சேலஞ்ச் போட்டி கேட்பது வேறு. சாலையை மூடிவிட்டு, லண்ட் ஊரிலிருந்து ஹைகோ பக்கம்வரை 90 மைல் ஓட்ட வேண்டும். சராசரி மணிக்கு 130 மைல் (209 கி.மீ.) என்று பிரிவு எடுத்தால் 41 நிமிடம் 32 வினாடி. பதினைந்து வினாடியில் தலைகாட்டாத கோளாறெல்லாம் பத்தாவது நிமிடத்தில் வரிசைகட்டி வரும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குதிரைத்திறன் குறைவு அல்ல. உண்டாகும் சூடு வெளியே போக வழியில்லாததுதான்.

கீழே உள்ளவை 350 கன அங்குல ஸ்மால் பிளாக் இன்ஜின், கார்பரேட்டர், பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியை வைத்து எழுதியவை. மூடிய சாலையிலோ டிராக்கிலோ மட்டும் சோதிக்க வேண்டியவை. தொடங்கும் முன் நான்கு மீட்டர்கள் கட்டாயம்: தண்ணீர்ச் சூடு, ஆயில் பிரஷர், ஆயில் சூடு, பெட்ரோல் பிரஷர். டேஷ்போர்டில் கம்பெனி வைத்த சிவப்பு விளக்கு எரியும்போது பேரிங் போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

அறிகுறி: 100 மைலைத் தாண்டினால் இன்ஜின் கதறுகிறது

இது கோளாறே இல்லை, கணக்கு. மைல் வேகத்தை கிரௌன் பினியன் (பின் ஆக்ஸிலின் பல்சக்கர ஜோடி) விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நேர் டாப் கியரில் இன்ஜின் சுற்று கிடைக்கும். 3.73 கிரௌன், 26 அங்குல டயர், 130 மைல் என்றால் நிமிடத்துக்கு 6,266 சுற்று. சாதாரண வால்வு ஸ்பிரிங் போட்ட 350 இதை நாற்பது நிமிடம் தாங்காது.

வழி இரண்டு. 0.82 ஐந்தாவது கியருள்ள டிரெமெக் ஐந்து கியர் பெட்டி போட்டால் 5,140 சுற்றுக்கு இறங்கும். 0.64 போட்டால் 4,010. பின்னது காதுக்கு இனிமை. ஆனால் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜின் அந்தச் சுற்றில் இன்னும் விழித்திருக்காது. எதிர்க்காற்றிலும் மேட்டிலும் வேகம் வடியும். காற்றைக் கிழிக்க வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 100 மைலுக்குத் தேவையானதைப் போல 130 மைலுக்கு ஏறத்தாழ 2.2 மடங்கு வேண்டும். அதனால் போட்டிக்கு 0.82, ஊர் ஓட்டத்துக்கு 0.64 என்பது எங்கள் கணிப்பு.

மலிவான வழி, இருக்கும் நான்கு கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு கிரௌனை 3.08 ஆக்குவது. 130 மைலில் 5,174 சுற்று. முதல் கியரில் கிளம்புவது மந்தமாகும். இந்தச் சாலையில் கிளம்புவது ஒரே ஒரு முறைதான். இதில் இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. அது அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு

முதலில் அதிர்வு யாருடையது என்று பிரியுங்கள். அதிரும் வேகத்தில் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு விடுங்கள். அதிர்வு நின்றால் குற்றவாளி இன்ஜின், கிளட்ச் பக்கம். தொடர்ந்தால் சக்கரம், டிரைவ் ஷாஃப்ட் (கியர்பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்), ஆக்ஸில் பக்கம். அடுத்து, மிதியைக் கொஞ்சம் அழுத்தும்போதும் விடும்போதும் அதிர்வின் குணம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள மடங்கும் இணைப்பான யூ ஜாயின்ட்டின் கோணம்தான் பெரும்பாலும். கையில் ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். இருக்கைக்கடியில் ஆடினால் பின்பக்கம்.

இன்னும் துல்லியம் வேண்டுமா? கைபேசியில் அதிர்வு அளக்கும் செயலியைத் திறந்து, பக்கத்தில் உட்காருபவரிடம் கொடுங்கள். 26 அங்குல டயர் 100 மைலில் வினாடிக்கு 21–22 முறை சுற்றுகிறது. 3.73 கிரௌனில் ஷாஃப்ட் அதே நேரத்தில் சுமார் 80 முறை சுற்றும். அளவுமானி 22 ஹெர்ட்ஸ் அருகே காட்டினால் டயர், ரிம், டிரம். 80 அருகே காட்டினால் ஷாஃப்ட். வாதமே வேண்டாம்.

ஷாஃப்ட் என்று தெரிந்துவிட்டால், பலர் விழும் குழி ஒன்று உண்டு. மேலே சொன்ன டிரெமெக் போன்ற ஓவர்டிரைவ் கியர்பெட்டி இன்ஜினின் சுற்றைக் குறைக்கிறது. ஷாஃப்டின் சுற்றைக் குறைப்பதில்லை. 3.73 கிரௌனில் 130 மைல் போனால், எந்தக் கியர்பெட்டி இருந்தாலும் ஷாஃப்ட் 6,266 சுற்றிலேதான் சுழலும். இன்ஜின் 4,000-இல் நிம்மதியாகப் பாடுகிறது என்று நினைத்து மிதிப்பவர் காலடியில் ஷாஃப்ட் வில்லாய் வளைந்துகொண்டிருக்கும். 3 அங்குல விட்டம், 0.083 அங்குலத் தகடு, 52 அங்குல நீளமுள்ள இரும்புக் குழாயின் வளைவுச் சுற்று (குழாய் தானே வளைந்து ஆடத் தொடங்கும் சுற்று) கணக்குப்படி சுமார் 7,200. நடைமுறையில் அதில் முக்கால் பங்குக்குமேல் போகக் கூடாது. அதாவது 5,400 அளவு. ஆகவே 3.73-உடன் இந்த ஷாஃப்ட் 130-க்கு உதவாது. 3.5 அங்குல அலுமினியக் குழாய் போடுங்கள், அல்லது கிரௌனை 3.08 ஆக்குங்கள். கிரௌனைக் குறைத்தால் இன்ஜின், ஷாஃப்ட் இரண்டின் சுற்றும் ஒன்றாகக் குறையும். மேலே சொன்ன லாபம் இதுதான்.

கோணம் பார்க்க: வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கக் கூடாது. கியர்பெட்டியின் வெளி ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு யூ ஜாயின்ட்டிலும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள். சுழியமும் கூடாது, ஊசி உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் குழி விழும். பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துத் திருத்தலாம். மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே ஏறுவதால், நிற்கும்போது ஒன்று இரண்டு டிகிரி கீழ்நோக்கி வைப்பது வழக்கம். 1967-இல் வந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் இன்னும் கிடந்தால் கோணம் பார்ப்பதே வீண். பல பட்டைக் கட்டாக மாற்றிவிட்டு வாருங்கள்.

ஷாஃப்டுக்கு முன் யூ ஜாயின்ட் அருகே இரும்பு வளையக் காப்பு மாட்டாமல் இந்த வேகத்துக்குப் போகாதீர்கள். முன் ஜாயின்ட் பிய்ந்தால் குழாய் சாலையில் ஊன்றி வண்டியைத் தூக்கும்.

அறிகுறி: நகரத்தில் சூடு ஏறவில்லை, வேகத்தில் ஏறுகிறது

மெதுவாகப் போகும்போது சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். வேகத்தில் சூடேறினால் விசிறியை மறந்துவிடுங்கள். 40 மைலுக்குமேல் காற்றே விசிறி. சிக்கல் காற்றின் பாதையில், தண்ணீரின் பாதையில், அல்லது எரிதலில் இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

1. ரேடியேட்டரின் நான்கு ஓரத்திலும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே கை நுழைகிறதா? நுழைந்தால் காற்றும் நுழையும். எளிய வழி தேடும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிப் போய்விடும். ரப்பர் பட்டையோ ஃபோமோ வைத்து அடையுங்கள். இருபது டாலர் வேலை, பலமுறை இதிலேயே தீர்ந்திருக்கிறது.

2. முன்கீழ்த் தகடு இருக்கிறதா? டி80 என்ற எண்ணில் கம்பெனி விற்ற முன்–பின் ஸ்பாய்லரின் முன் துண்டு அழகுக்கு மட்டுமல்ல. வண்டிக்கடியில் அழுத்தத்தைக் குறைத்து, ரேடியேட்டர் வழியாக வந்த காற்று வெளியேற இடம் கொடுக்கிறது.

3. பானெட்டின் பின்விளிம்பைச் சூடு வெளியேறட்டும் என்று வாஷர் வைத்து உயர்த்தியிருந்தால் உடனே இறக்குங்கள். கண்ணாடியின் அடிப்பகுதி வேகத்தில் அதிக அழுத்தப் பகுதி. கம்பெனியின் கௌல் இண்டக்‌ஷன் பானெட் அங்கேயிருந்துதான் கார்பரேட்டருக்குக் காற்று எடுக்கிறது. விளிம்பை உயர்த்தினால் சூடு வெளியே போகாது. காற்று உள்ளே வந்து ரேடியேட்டர் காற்றை எதிர்த்து நிற்கும்.

4. இன்ஜின் சூடாக இருக்கும்போது 4,000 சுற்றுக்கு ஏற்றிக் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்பு உறிஞ்சும் பக்கம் அதுதான். சப்பையானால் தண்ணீர் வரத்து நின்றுவிட்டது. உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ் போடுங்கள்.

5. ரேடியேட்டர் மூடி: 16 பிஎஸ்ஐ. சரிபாதி கூலன்ட் கலவை இந்த அழுத்தத்தில் சுமார் 129 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. புதிதாக வாங்கிய அலுமினிய ரேடியேட்டரில் மூடி எந்தப் பக்கத் தொட்டியில் இருக்கிறது என்றும் பாருங்கள். கீழ் ஹோஸ் உள்ள தொட்டியில் இருக்க வேண்டும். மேல் ஹோஸ் பக்கம் இருந்தால், அதிகச் சுற்றில் பம்பின் அழுத்தமும் சேர்ந்து மூடியைத் திறந்து தண்ணீரைத் துப்பும்.

6. டைமிங் லைட் வைத்து 3,000 சுற்றுக்குமேல் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் மேல்முனைக்கு வருமுன் எத்தனை டிகிரியில் தீப்பொறி விழுகிறது என்ற அளவு) பாருங்கள். வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்த நிலையில் 34 முதல் 36 டிகிரி. குறைந்தால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் வழியில் சூடு தண்ணீருக்கு இறங்கும். பார்க்கும்போது ஹார்மோனிக் பேலன்சரின் (கிராங்க் முன்முனையில் அதிர்வை அடக்கும், டைமிங் குறிக்கோடு உள்ள சக்கரம்) வெளிவளையம் நழுவியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள். ஐம்பது வயது ரப்பர் நழுவினால் குறிக்கோடு பொய் சொல்லும். முதல் பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, கோடு சுழியத்தில் நிற்கிறதா என்று ஒப்பிட்டால் தெரியும். நழுவியிருந்தால் எஸ்எஃப்ஐ 18.1 (பந்தயப் பாதுகாப்புத் தரம்) முத்திரையுள்ள புதியது. இதில் பேரமே இல்லை. 6,000 சுற்றில் அந்த வளையம் கழன்றால் பானெட்டைத் துளைக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பரிகாரம் இல்லை. தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை வாங்காது என்று சொல்லப்படும் காரணம் தவறு. உண்மைக் காரணம், அந்த அடைப்பு பிளாக்குக்குள் அழுத்தத்தை உயர்த்தி, எரிகலனைச் சுற்றி நீராவிக் குமிழி உண்டாகாமல் தடுக்கிறது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் போதும். மீட்டர் 105-ஐத் தொட்டால் மிதியைக் குறையுங்கள். ஏறிக்கொண்டே போனால் ஓட்டத்தை முடியுங்கள்.

அறிகுறி: ஆயில் பிரஷர் இறங்குகிறது

ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்னும் செல்லும். கேள்வி, எப்போது இறங்குகிறது என்பது.

வளைவிலோ பிரேக்கிலோ மட்டும் முள் துள்ளினால், சம்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது. தடுப்புக் கதவுகள் உள்ள 7–8 குவார்ட் சம்ப் மாட்டுங்கள். கம்பெனி சம்ப் 4 குவார்ட்தான், ஃபில்டருடன் ஐந்து. உறிஞ்சுகுழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி. களிமண் உருண்டை வைத்து மூடிப் பார்த்து அளக்கலாம். குழாயைப் பம்பில் ஒரு புள்ளி பற்றவைத்துவிடுங்கள். அடித்துச் செருகியது மட்டும் அதிர்வில் கழன்று விழும்.

நேர்ச்சாலையில் ஐந்தாறு நிமிடம் கழித்து மெல்ல இறங்கினால் இரண்டு வாய்ப்பு. ஆயில் சூடு 120 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆயில் நீர்த்துவிட்டது. தெர்மோஸ்டாட்டுடன் ஆயில் கூலர் வேண்டும். சூடு சரியாக இருந்தும் இறங்கினால், ஆயில் மேலே சிலிண்டர் தலைகளிலும் வால்வு கவரிலும் தங்கிவிட்டது, கீழே இறங்க நேரமில்லை. இங்கேதான் பலர் ஹை வால்யூம் பம்பு வாங்கி மாட்டுகிறார்கள். சிறிய சம்பில் அது நிலைமையைக் கெடுக்கும். காலி செய்யும் வேகம்தான் கூடும். தலைகளின் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், பெரிய சம்ப் போடுங்கள், சாதாரண அளவுப் பம்பையே வையுங்கள்.

பிரீதர் (இன்ஜினின் காற்றுப்போக்கி) வழியாக ஆயில் கக்கினால், வால்வு கவருக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் கக்கினால் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது). ரிங் தேய்ந்திருக்கும்.

தட்டையான டாப்பெட் கேம் என்றால் துத்தநாகம் சேர்ந்த ஆயில் தேவை. இன்றைய கார்களின் ஆயில் அதில் குறைவு.

அறிகுறி: ஒரு நிமிட முழு மிதிக்குப் பின் இழுவை போய் இருமுகிறது

விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் சரியாகி, மறுபடி இருமினால் பெட்ரோல் பட்டினி. 400 குதிரைத்திறன் இன்ஜின் முழு மிதியில் மணிக்கு ஏறத்தாழ 33 கேலன், அதாவது 125 லிட்டர் குடிக்கும். கால் மைலில் கார்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும். இங்கே முடியாது.

பிரஷர் மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே, ஓட்டுநருக்குத் தெரியும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. ஐடிலில் 6.5 பிஎஸ்ஐ காட்டி, முழு மிதியில் 4-க்குக் கீழே வந்தால் வரத்துப் போதவில்லை. அப்போது டேங்க் மூடியைத் தளர்த்தி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தளர்த்தியதும் சரியானால், காற்றுத்துளை இல்லாத மூடி யாரோ மாட்டியிருக்கிறார்கள். இந்த வருட வண்டிகளுக்குத் துளையுள்ள மூடிதான். மாறவில்லையென்றால் டேங்குக்குள் உள்ள சல்லடை, 3/8 அங்குலத்துக்குக் குறைந்த குழாய், பம்பு என்ற வரிசையில் போங்கள். பம்பு மின்சாரமென்றால் டேங்க் பக்கத்தில், டேங்கின் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். அது தள்ளத் தெரிந்தது, இழுக்கத் தெரியாதது. ஆயில் பிரஷர் போனால் பம்பை நிறுத்தும் சுவிட்சும் சேருங்கள்.

பிரஷர் சரியாக இருந்து கறுப்புப் புகை வந்தால் அது உயரத்தின் வேலை. லண்ட் கடல்மட்டத்திலிருந்து 5,500 அடிக்குமேல். கீழே கலிஃபோர்னியாவில் அமைத்த கார்பரேட்டர் அங்கே ரிச்சாக (பெட்ரோல் மிகுந்து) ஓடும். 2,000 அடிக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் போகும் துளை) எண் குறைத்துத் தொடங்கி, பிளக்கின் நிறம் பார்த்து நிறுத்துங்கள். சாலை போகப்போக இறங்குகிறது, காற்று அடர்த்தியாகிறது. அதனால் கடைசி ஒரு எண்ணை ஆசைப்பட்டுக் குறைக்காதீர்கள். லீனாகி (பெட்ரோல் குறைந்து) நாக்கிங் வந்தால் பிஸ்டன் ஓட்டை. பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம் போடுங்கள்.

அறிகுறி: நேராகப் போக மறுக்கிறது, முன்பக்கம் மிதக்கிறது

டயர் காற்றும் அலைன்மென்ட்டும் முதலில். கம்பெனி கொடுத்த காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) அரை டிகிரி அளவுதான். அன்றைய டயருக்கும் லேசான ஸ்டியரிங்குக்கும் அது சரி. அதிவேகத்துக்கு 4 முதல் 6 டிகிரி நேர்மறை காஸ்டர், அரை முதல் ஒரு டிகிரி எதிர்மறை கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உட்புறம் சாய்வது), 1/16 அங்குலம் டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உட்புறம் திரும்பியிருப்பது). பழைய மேல் கைகளில் ஷிம் வைத்து இவ்வளவு காஸ்டர் கிடைக்காது. காஸ்டர் சேர்த்துச் செய்த மேல் கைகள் விற்கிறார்கள்.

அலைன்மென்ட் எடுத்தும் அலைந்தால், ஒருவரை ஸ்டியரிங்கை இருபுறமும் சற்றே ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் இணைப்புக் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் கை) மேலும் கீழும் ஆடும், பெரும்பாலும் அதுதான். அடுத்து ஸ்டியரிங் தண்டைப் பெட்டியுடன் சேர்க்கும் ரப்பர் இணைப்பு. பெட்டியின் திருகை இறுக்குவது கடைசி. அதிகம் இறுக்கினால் நடுவில் ஒட்டிக்கொண்டு வண்டி இன்னும் அலையும். முன் சப்ஃபிரேமை உடலோடு சேர்க்கும் ரப்பர்கள் நசிந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. அவற்றை மாற்றி, பின்சட்டத்துடன் சப்ஃபிரேம் கனெக்டர் சேர்த்தால் வண்டி ஒரே துண்டாகும்.

அறிகுறி: பிரேக்

மூன்று விதமான புகார், மூன்று விதமான நோய். மிதி ஸ்பாஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் திரவம் கொதித்திருக்கிறது. டாட் 4-இன் கொதிநிலை புதிதாக 230 டிகிரி. ஈரம் குடித்தபின் 155. ஓட்டத்துக்கு முன் புதிதாக மாற்றுவது அதனால்தான். ரப்பர் ஹோஸுக்குப் பதில் கம்பிவலை ஹோஸ். டாட் 5 சிலிக்கான் வேண்டாம், சூட்டில் அமுங்கும்.

மிதி கல் போல இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் ரகம் போதவில்லை. 130 மைலில் உள்ள இயக்க ஆற்றல் 65 மைலில் உள்ளதைப்போல நான்கு மடங்கு. நான்கு டிரம்முடன் வந்த வண்டி என்றால் முன்பக்க டிஸ்க் இல்லாமல் இந்த வேலைக்கே இறங்காதீர்கள்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓடிவிட்டு மிதித்தால் முதல் மிதி பாதாளம் போகிறது, இரண்டாவது சரியாக நிற்கிறது. முன் பேரிங் ஆட்டத்தில் டிஸ்க் ஆடி, பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. முன் பேரிங் ஆட்டம் 0.03–0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதுவரை, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே இடதுகாலால் லேசாக ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

அறிகுறி: பின்னாலிருந்து ஊளை, அல்லது எரிந்த கியர் ஆயில் வாடை

மிதிக்கும்போது மட்டும் அல்லது விடும்போது மட்டும் ஊளையிட்டால் கிரௌன் பினியன் பொருத்தம். எப்போதும் ஒரே சுரமானால் பேரிங். ஆக்ஸிலின் காற்றுக்குழாய் அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, சீல் வழியே ஆயில் பின் டிரம்முக்குள் வழியும். 12 போல்ட் ஆக்ஸிலாக இருந்தாலும் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்டைப் பிடித்திருப்பது உள்ளே ஒரு சி வடிவக் கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் டிரம்மோடு தனியே போய்விடும். நல்ல உலோக ஷாஃப்ட் போடுங்கள், அல்லது சி கிளிப் இல்லாத ஃபோர்டு ஒன்பது அங்குல ஆக்ஸிலுக்கு மாறுங்கள்.

அறிகுறி: டயரில் எதுவும் தெரியவில்லை

இதுதான் ஆபத்தானது, முன்னறிவிப்பு தராமல் போகும். பழைய 15 அங்குல ரிம்மில் வெள்ளை எழுத்தோடு அழகாக இருக்கும் ரேடியல் டி/ஏ டயரின் வேகக் குறி ‘எஸ்’, அதாவது 180 கி.மீ.வரை. 130 மைல் அதைத் தாண்டுகிறது. ‘டபிள்யூ’ (270) அல்லது ‘ஒய்’ (300) வேண்டும். தேர்வு அதிகம் கிடைப்பது 17 அங்குலத்துக்குமேல்தான். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தடம் புதிதாக இருந்தாலும் வயதான டயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இன்ஜினுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை எடுத்து இங்கே போடலாம்.

புது ரிம் மாட்டியபின் சக்கரத்தில் டக் டக் என்ற ஒலி வந்தால் உடனே ஒதுங்கி நிறுத்துங்கள். கம்பெனி ஸ்டட் 7/16 அங்குலம். அலுமினிய ரிம்முக்கு 1/2 அங்குல ஸ்டட் மாற்றி, 100–115 நியூட்டன் மீட்டரில் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். 50 மைல் ஓட்டியதும், ரிம் ஆறியபின் மறுபடி. ஒவ்வொரு நட்டுக்கும் ரிம்முக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே நகர்ந்தது தெரியும்.